மரியா காலஸின் அலமாரி

இந்த எபிசோட் ஒரு ஏலக் கூடத்தில் ஆரம்பிக்கிறது.

பாரிஸ், 2000-ஆம் வருடம், டிசம்பர் தொடக்கம். ஏலத்துக்கு வந்திருப்பவை நானூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள். கவுன்கள், கோட்டுகள், கைப்பைகள், புகைப்படங்கள், கடிதங்கள். பட்டியலைப் புரட்டிக்கொண்டே போனால் காலுறைகளும் உள்ளாடைகளும்கூட வருகின்றன. எல்லாமே ஒரே பெண்ணுடையவை. பெயர் மரியா காலஸ். இருபதாம் நூற்றாண்டு ஓபரா பாடகிகளில் இவரைவிட அதிகமாகப் பேசப்பட்ட இன்னொருவரைச் சொல்வது கஷ்டம். அவர் இறந்து அப்போது 23 வருடம் ஆகியிருந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி வருது பாருங்க. காலஸின் குரல் எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. அவர் பாடிய முழு ஓபராக்கள் டஜன் கணக்கில் இசைத்தட்டில் இருக்கின்றன. ஒரு பாடகியிடம் நமக்கு வேண்டியது குரல்தானே? அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அவர் கால் பட்ட நைலான் காலுறையை எதற்காக ஒருவர் கை தூக்கி ஏலம் கேட்கிறார்?

"பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஓபரா பாடகிகளின் பொருட்களைச் சேர்ப்பதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், காலஸின் அலமாரி ஏன் இப்படிச் சந்தைக்கு வந்தது என்பது புரியும்.

ஓபரா பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: கதை முழுவதும் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம் அது. நம்ம ஊர் பழைய இசை நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையால் போய்ச் சேரணும். அதனால் பெரிய பாடகி என்றால் ஒரு அதிசயப் பிறவியைப் பார்ப்பதுபோலத்தான் ஜனங்கள் பார்த்தார்கள்.

இப்போது 1850-க்குப் போவோம். ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட், செப்டம்பர் முதல் தேதி நியூயார்க் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறார். ஓபரா மேடையை அதற்கு முந்தைய வருடமே விட்டுவிட்டு, கச்சேரி மட்டும் பாடிக்கொண்டிருந்தவர். அவரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர் பி. டி. பார்னம். வித்தைக் காட்சிகளும் விநோதப் பொருட்களின் காட்சிசாலையும் நடத்திய ஆசாமி, விளம்பரக் கலையின் அப்பன். லிண்ட் பாடி அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை; பார்னமே கேட்டதில்லை. ஆனாலும் கப்பல் வந்த அன்றைக்குத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான பேர்.

பார்னம் செய்த முதல் வேலை, கச்சேரி டிக்கெட்டுகளை ஏலம் விட்டது. நியூயார்க்கின் முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜான் ஜெனின் என்ற தொப்பிக் கடைக்காரர். பாஸ்டனில் அது 625 டாலர் ஆனது. பிராவிடன்ஸ் நகரில் 650 டாலர். அந்த 650 டாலர் கொடுத்த மனிதர் கச்சேரிக்கே போகவில்லை என்பதுதான் இதில் அழகு!

தொப்பிக் கடைக்காரர் கதை இன்னும் சுவையானது. அவர் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்ததும், தங்கள் தலையில் இருப்பது ஜெனின் தொப்பியா என்று ஆட்கள் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்களாம். அயோவா பக்கம் ஒரு ஊரில், எதற்கும் உதவாத பழைய தொப்பி ஒன்றில் ஜெனின் முத்திரை இருப்பதைக் கண்டு, அங்கேயே ஏலம் விட்டு, 14 டாலருக்குப் போனதாம். இதைச் சொல்பவர் பார்னம், தன் சுயசரிதையில். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்கணும். இருந்தாலும் கதையின் போக்கைக் கவனியுங்கள். லிண்ட் தொட்ட பொருள் இல்லை அது. லிண்டின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவரின் கடையில் எப்போதோ விற்ற தொப்பி. மூன்று கை தள்ளி வந்த புகழ். அதற்கும் விலை.

லிண்ட் பெயரில் கையுறை, சால்வை, தொப்பி, கட்டில், பியானோ எல்லாம் விற்பனைக்கு வந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். பார்னத்தின் கணக்குப்படி 95 கச்சேரிகளில் மொத்த வசூல் 7,12,161 டாலர். லிண்டுக்குப் போனது 1,76,675 டாலர். தன் வருமானத்தில் பெரும்பகுதியை அவர் தருமத்துக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்லணும்.

லிண்ட் 1887-இல் இறந்தார். எடிசனின் ஃபோனோகிராஃப் வந்து பத்து வருடம் ஆகியிருந்தும் அவர் குரலின் ஒரு துளிகூட இன்று கிடையாது. அந்தக் குரலைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஆனால் எழுத்தைப் படித்துக் குரலைக் கேட்க முடியுமா? ஆகவே, அவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டும், அவர் முகம் பதித்த ஒரு பதக்கமும்தான் மிச்சம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லியோனிடாஸ் வெஸ்டர்வெல்ட் என்ற நியூயார்க்காரர் லிண்ட் சம்பந்தப்பட்டவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் எதைத் துரத்தினார் என்பது எனக்குப் புரிகிறது. குரல் போய்விட்டது. தாத்தா போன பிறகு அவர் மூக்குக் கண்ணாடியை எறிய மனசு வராமல் அலமாரியில் வைத்திருப்போமே, அந்த மாதிரி.

ஆனால் குரல் பதிவாகத் தொடங்கிய பிறகும் இந்த ஆசை குறையவில்லை. அதுதான் வேடிக்கை.

நெல்லி மெல்பா என்ற ஆஸ்திரேலியப் பாடகியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடகியாக இல்லாவிட்டாலும் ஐஸ்கிரீமாக: 'பீச் மெல்பா' அவர் பெயரில் வந்ததுதான். 1891-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'லோஹென்கிரின்' ஓபராவில் பாடுவதற்காக, பாரிஸின் வொர்த் நிறுவனத்தில் ஒரு நீண்ட மேலங்கி செய்துகொண்டார். ஓவியம் தீட்டி, தங்க வேலைப்பாடு செய்து, கற்கள் பதித்தது. இன்று அது மெல்போர்னில், ஆர்ட்ஸ் சென்டர் சேகரிப்பில் இருக்கிறது. மெல்பாவின் குரல் இசைத்தட்டில் இருக்கிறது, ஆனாலும் அந்த அங்கி ஒரு நகரத்தின் பொக்கிஷம்.

இதில் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெரிய பாடகிகள் மேடை உடையைத் தாங்களே செய்துகொள்வார்கள். ஊர் ஊராகப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவார்கள். உடை பாடகியின் சொத்து. அதனால்தான் மெல்பாவின் பொருள் என்று இன்று நாம் பார்ப்பது மேடையில் நின்ற மெல்பாவை.

காலஸின் காலத்தில் இது மாறிவிட்டது. இயக்குநர் என்ற ஒருவர் வந்துவிட்டார். ஒரு நாடகத்தின் காட்சி அமைப்பும் உடைகளும் ஒரே கண்ணோட்டத்தில் வடிவமைக்கப்பட்டு, அரங்கின் தையல் கூடத்தில் தயாராகின. 1955 மே மாதம் மிலானின் லா ஸ்காலா அரங்கில் லுக்கினோ விஸ்கோன்டி இயக்கிய 'லா ட்ராவியாட்டா'வில் காலஸ் நடித்தார். லீலா தெ நோபிலி உடைகளை வடிவமைத்தார். முதல் அங்கத்தின் முடிவில் விருந்தினர்கள் போன பிறகு, தனியாக நிற்கும் நாயகி காலணிகளை உதறி எறிவார். ஓபராவில் இப்படியா என்று பழைமைவாதிகள் கொதித்தார்கள். அந்த நாடகம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் பொதுவாக அப்படிப்பட்ட உடைகள் அரங்கின் கணக்கில் இருப்பவை, நடிகையோடு வீட்டுக்குப் போகிறவை அல்ல.

அப்படியென்றால் காலஸ் இறந்தபோது அவர் அலமாரியில் இருந்தது என்ன? மேடையில் இல்லாத நேரத்து வாழ்க்கைதான். வெளியே போடும் உடை, வீட்டில் போடும் உடை, கடிதக் கட்டு. சேகரிப்பவர்கள் மெல்பாவிடம் ராணியின் அங்கியை எடுத்தார்கள், காலஸிடம் ஒரு பெண்ணின் துணிமணியை எடுத்தார்கள். பாரிஸ் ஏலத்தில் காலுறை வந்ததற்கு ரசிகர்களின் கிறுக்கு மட்டும் காரணம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, காலஸிடம் வருவோம்.

1923 டிசம்பரில் நியூயார்க்கில், கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தாயோடு ஏதென்ஸ் போய், எல்விரா தெ ஹிதால்கோ என்ற ஸ்பானிய ஆசிரியையிடம் பாடம் கேட்டார். 1947 ஆகஸ்டில் இத்தாலியின் வெரோனா திறந்தவெளி அரங்கில் 'லா ஜியோகொண்டா' பாட வந்தார். அங்கேதான் ஜியோவன்னி பத்திஸ்தா மெனெகினியைச் சந்தித்தார். செங்கல் தொழிலதிபர், காலஸைவிட சுமார் 28 வயது மூத்தவர். 1949 ஏப்ரலில் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு காலஸ் ஓபரா ஒப்பந்தத்துக்காக பியூனஸ் அயர்ஸுக்குக் கப்பலேறினார், தனியாக. அப்படிப் பிரிந்திருந்த மாதங்களில் கணவருக்கு எழுதிய கடிதங்கள்தான் பிற்காலத்தில் ஏலத்துக்கு வரப்போகின்றன. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் விஷயத்தில் காலஸே ஒரு சேகரிப்பாளர் மனம் கொண்டவர்தான். மெனெகினி ஆரம்ப நாட்களில் அவருக்கு ஒரு சின்ன ஓவியம் கொடுத்தார், திருக்குடும்பத்தின் படம். பதினெட்டாம் நூற்றாண்டு வெரோனா ஓவியர் சிக்னரோலி வரைந்ததாகக் கருதப்படுவது. அதை ஒப்பனை அறைக்கு எடுத்துப்போகாமல் அவர் பாடுவதில்லை. கண்ணோ, கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போனால் இசை நடத்துநரின் கை தெரியாது. முழுக்க முழுக்கக் காதை நம்பித்தான் பாடினார்.

1953, 54 வாக்கில் முப்பது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார். மிலானின் பிக்கி என்ற ஆடை வடிவமைப்பாளர் அவருக்கு உடை தைக்க ஆரம்பித்தார். எந்த உடைக்கு எந்தக் கையுறை, எந்தப் பை என்று எழுதிவைத்துக் கொடுப்பார்களாம், பார்வைக் குறைவுள்ள, அவசரத்தில் பயணம் போகும் பெண்ணுக்கு வசதியாக. மேடை நகைகளை மிலானின் மரங்கோனி பட்டறை செய்தது. எல்லாம் கண்ணாடிக் கல். தூரத்திலிருந்து மின்ன வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொய் நகைகளும் இன்று கண்காட்சி ஊர் ஊராகப் போகின்றன.

1959 கோடையில் கப்பல் முதலாளி ஓனாசிஸின் உல்லாசப் படகில் பயணம். அந்த வருடக் கடைசியில் மெனெகினியைப் பிரிந்தார். 1965 ஜூலையில் லண்டனில் கடைசியாக ஓபரா மேடை ஏறினார். ஓனாசிஸ் 1968-இல் ஜாக்குலின் கென்னடியை மணந்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், பத்திரிகைகள் அரைத்து அரைத்துச் சாறு வற்றிவிட்டது. அதனால் விட்டுவிடுகிறேன்.

1977 செப்டம்பர் 16. பாரிஸில் தன் அடுக்ககத்தில் காலஸ் இறக்கிறார். வயது 53. குழந்தை இல்லை. சமீபத்திய உயில் எதுவும் அகப்படவில்லை.

அப்போது மெனெகினி ஒரு காகிதத்தோடு வந்தார். 1954-இல், கல்யாண வாழ்க்கை நன்றாக இருந்த நாட்களில், காலஸ் எழுதிய உயில். எல்லாம் கணவருக்கு. மறுபக்கம் காலஸின் தாய். இருவருக்கும் பல்லாண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது; தாய் 1960-இல் மகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டிருந்தார். கடைசியில் இரண்டு தரப்பும் சமரசமாகி, சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. காலஸ் தன் வாழ்க்கையிலிருந்து விலக்கி வைத்த இரண்டு பேர், அவர் விட்டுப்போன எல்லாவற்றுக்கும் வாரிசு ஆனார்கள்.

1978 ஜூனில் பாரிஸில் முதல் ஏலம். அறைகலன், ஓவியம், வீட்டுச் சாமான். மெனெகினியும் வந்திருந்தார். தன் முன்னாள் மனைவியின் பொருட்களில் சிலவற்றை மற்றவர்களோடு போட்டி போட்டு விலைக்கு வாங்கினார். அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பணத்தாசை பிடித்தவர் என்றே எழுதுகிறார்கள். காலஸுமே பின்னாளில் அப்படிக் குற்றம் சாட்டியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த ஏலக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கிழவரை அந்த ஒரு வார்த்தையில் அடக்க என்னால் முடியவில்லை.

பொருட்கள் மட்டும் இல்லை, உடலும் தப்பவில்லை. காலஸின் அஸ்தி பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. யாரோ திருடிக்கொண்டு போனார்கள். பிறகு அது கிடைத்தது. 1979-இல் அவர் விருப்பப்படி ஏஜியன் கடலில் கரைத்தார்கள்.

மெனெகினி 1981-இல் இறந்தார். அவர் பங்கு கைமாறியது. அதற்கப்புறம் அடுக்கடுக்காக ஏலங்கள். 2000-இல் பாரிஸ், ஆரம்பத்தில் சொன்னது. 2004 நவம்பரில் ஜெனீவாவில் சாத்பீஸ் ஏல நிறுவனம் அவருடைய அசல் நகைகளை விற்றது. பதினெட்டு லட்சம் டாலர் அளவுக்குப் போயின. வைரத்துக்கு எப்படியும் விலை உண்டு, அதனால் அந்த ஏலம் எனக்கு அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை. 2007 டிசம்பரில் மிலானில் மெனெகினி வழியாக வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள். அவற்றில்தான் அந்த 63 காதல் கடிதங்கள்.

இப்படிப் பொருட்கள் கைமாறும்போது, இது நிஜமாகவே அவருடையதுதானா என்று எப்படித் தெரியும்? சேகரிப்பவர்களின் உண்மையான திறமை இங்கேதான்.

கையெழுத்திட்ட புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பிரபலங்களுக்குச் செயலாளர்களே கையெழுத்துப் போட்டு அனுப்புவது பழைய வழக்கம். ரப்பர் முத்திரையும் உண்டு, அச்சிலேயே வந்துவிட்ட கையெழுத்தும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மை படத்தின் மேலே உட்கார்ந்திருக்கணும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. காலஸ் விஷயத்தில் இன்னொரு வசதி உண்டு. மணவாழ்க்கை நீடித்தவரை அவர் 'மரியா மெனெகினி காலஸ்' என்ற பெயரில்தான் பாடினார். அந்தக் கால இசைத்தட்டு உறைகளிலும் அப்படித்தான் இருக்கும். பிரிந்த பிறகு நடுப்பெயரைத் தூக்கிவிட்டார். ஆக, அறுபதுகளில் எடுத்த படத்தின் மேல் 'மெனெகினி' என்று கையெழுத்து இருந்தால், கைவசம் இருக்கும் பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

"இன்னாருக்கு அன்புடன்" என்று பெயர் குறிப்பிட்ட படத்தைச் சிலர் விரும்புவதில்லை, யாரோ ஒருவருடைய பெயர் எதற்கு என்று. விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடுவார்கள். அந்த இன்னார் யார், எந்த ஊரில் எந்த நாள் காலஸைப் பார்த்திருக்க முடியும் என்று சரிபார்க்க வழி கிடைக்கிறதே!

துணிமணி இன்னும் கடினம். தையல் நிறுவனத்தின் பட்டையும், அதே உடையோடு அவர் நிற்கும் புகைப்படமும் கிடைத்தால் நல்லது. கோட்டுக்கும் கவுனுக்கும் அந்த மாதிரிப் படம் கிடைக்கும். விமான நிலையத்தில் இறங்கும்போதெல்லாம்தான் படம் எடுத்துத் தள்ளினார்களே. காலுறைக்கு எங்கே போவது? விற்பவர் வாய்ச்சொல்லும், பொருள் யார் யார் கையைத் தாண்டி வந்தது என்ற காகிதச் சங்கிலியும்தான் சாட்சி. மிக அந்தரங்கமான பொருளுக்குத்தான் மிகக் குறைவான ஆதாரம்.

சரி, குரலையே சேகரித்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் லயனல் மேப்பிள்சன் என்று ஒரு நூலகர். 1901 முதல் 1903 வரை, தன் மெழுகு உருளைக் கருவியை அரங்குக்குள்ளேயே கொண்டுபோய், நடந்துகொண்டிருக்கும் ஓபராவிலிருந்து இரண்டு இரண்டு நிமிடமாகப் பதிவு செய்தார். கேட்டால் மழைச் சத்தத்துக்கு நடுவே பக்கத்துத் தெருவில் யாரோ பாடுவதுபோல இருக்கும். ஆனால் ழான் தெ ரெஸ்கே என்ற மாபெரும் பாடகரின் குரல் இன்று உலகில் மிஞ்சியிருப்பது அந்த உருளைகளில் மட்டுமே.

ஐம்பதுகளில் டேப் ரிகார்டர் வந்ததும் காலஸ் ரசிகர்கள் அதே வேலையைச் செய்தார்கள். வானொலியில் வந்ததைப் பதிவு செய்தார்கள், அரங்குக்குள் கருவியை மறைத்து எடுத்துப் போனார்கள். நகல் எடுத்து நகல் எடுத்துக் கைமாற்றினார்கள். சட்டப்படி தப்பு. ஆனால் ஸ்டூடியோவில் அவர் பதிவு செய்யாத எத்தனையோ பாத்திரங்களை இன்று நாம் கேட்பது இந்தத் தப்பினால்தான். 1958 மார்ச் 27 அன்று லிஸ்பன் நகரில் அவர் பாடிய 'லா ட்ராவியாட்டா'வும் இப்படிக் கைமாறிய பதிவுதான். அவர் இறந்த பிறகு, 1980-இல்தான் ஈ.எம்.ஐ. நிறுவனம் முறையாக வெளியிட்டது. அந்த ஒரு பதிவுக்காக ஏங்கும் ரசிகரை வைத்து டெரன்ஸ் மெக்நாலி 'தி லிஸ்பன் ட்ராவியாட்டா' என்று ஒரு நாடகமே எழுதினார். லிஸ்பனில் அந்த ராத்திரி குரல் கொஞ்சம் ஆடுகிறது, சில உச்ச ஸ்தாயிகள் விரிகின்றன. ஸ்டூடியோவில் என்றால் மறுபடி பாடச் சொல்லியிருப்பார்கள். அந்த ஆட்டத்தைக் கேட்கத்தான் ஆள் அலைகிறான். தட்டில் இருக்கும் குரல் எல்லோருக்கும் பொது. இது, அந்த ஒரு ராத்திரி, அந்த ஒரு அரங்கில் உடம்போடு நின்ற பெண்ணின் குரல். காலுறை வாங்கியவருக்கும் வேண்டியிருந்தது இதுதானோ என்று யோசிக்கத் தோன்றுகிறது. குரல் இருக்கிறது, அது வந்த உடம்பு இல்லை. எவ்வளவு இசைத்தட்டு வந்தாலும் அந்தக் குறை தீராது.

அதற்காக எல்லாவற்றையும் விற்கலாமா? என் கட்சி எது என்று கேட்டால், கடிதங்கள் வெளியே வரலாம் என்பேன், கூச்சத்தோடு. அந்த 63 கடிதங்கள் 1940-களின் பிற்பகுதியிலும் அதையொட்டியும் எழுதப்பட்டவை. மெனெகினியைப் பணப்பெட்டியாகவும் காலஸைப் பணத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டவராகவும் சித்தரிக்கும் புத்தகங்களை அவை கேள்வி கேட்கின்றன. தூரத்து ஊரில் தனியாக, உடம்புக்கு முடியாமல், கணவரை நினைத்து ஏங்கும் இருபத்தைந்து வயதுப் பெண் அவற்றில் இருக்கிறார். ஆசிரியை தெ ஹிதால்கோவுக்கு எழுதியவையும் பிறகு அச்சில் வந்தன. பாரிஸ்காரர் டாம் வோல்ஃப் கடிதங்களையும் நண்பர்கள் எடுத்த வீட்டுத் திரைச்சுருள்களையும் தேடித் திரட்டி 2017-இல் 'மரியா பை காலஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். மற்றவர்கள் சொன்ன காலஸுக்கு நடுவில் அவரே பேசுகிறார். ஆனால் உள்ளாடையை வாங்கி நாம் தெரிந்துகொள்வது என்ன? எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒரு கடிதக் கட்டு ஏலத்தில் பிரிந்து பத்துப் பேர் வீட்டுக்குப் போனால் அதன் பயன் பாதி போய்விடும் என்பது இன்னொரு கவலை. லா ஸ்காலா அருங்காட்சியகம் பிறந்ததே இந்தக் கவலையில்தான். பாரிஸில் ஜூல் சாம்போன் என்ற பழம்பொருள் வணிகர் சேர்த்த நாடகப் பொருட்கள் 1911-இல் விற்பனைக்கு வந்தன. இத்தாலியில் அரசுப் பணமும் தனியார் நன்கொடையும் திரட்டி வாங்கி, 1913-இல் அரங்கை ஒட்டியே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பாரிஸின் 2000 ஏலத்திலும் அப்படி ஒருவர் கை தூக்கிக்கொண்டிருந்தார், ஏதென்ஸ் நகராட்சியின் சார்பில். ஆனால் காலஸுக்கென்று ஒரு முழு அருங்காட்சியகம் உடனே வந்துவிடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் போனது. 2023 அக்டோபரில், காலஸின் நூற்றாண்டுக்கு, நகர மையத்தில் மித்ரோபோலேயோஸ் தெருவில் மரியா காலஸ் அருங்காட்சியகம் திறந்தது. அவர் பாட்டுப் படித்த ஊர் அது. போரின்போது ஜெர்மானிய, இத்தாலிய ஆக்கிரமிப்புக்குள் பசியோடு இருந்து, மேடையேறத் தொடங்கிய ஊர்.

அங்கே போகிறவர்கள் அவர் குரலையும் கேட்கலாம், உடைகளையும் பார்க்கலாம். பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது. அருங்காட்சியகங்களில் வழக்கமாக 50 லக்ஸ் அளவுக்கு விளக்கைக் குறைத்து வைப்பார்கள். அரையிருட்டு என்றே சொல்லலாம். பாரிஸிலும் ஜெனீவாவிலும் மிலானிலும் தனியார் எடுத்துப்போன மிச்சமெல்லாம் எந்தெந்த வீட்டு அலமாரியிலோ இருக்கின்றன. அந்த வீடுகளிலும் ஒருநாள் வாரிசுகள் பாகம் பிரிப்பார்கள். அப்போது மறுபடியும் ஒரு பட்டியல் அச்சாகும்.